முதலை இறங்கிய காலை

போன வாரம் காரின் பின்சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கிறது என்று அபிராமபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோனேன் என்றால், மருமகன் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று தப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். எதிரே புத்தம் புதிதாக ஒரு தரை ஜாக்கி நின்றது. சிவப்பு வர்ணம், ரப்பர் பிடி, உடம்பெல்லாம் எச்சரிக்கை வாசகங்கள். மெக்கானிக் அதைக் காருக்கு அடியில் தள்ளி நாலே அடி அடித்தார். கார் பேசாமல் எழுந்து நின்றது. வேலை முடிந்ததும் பிடியைத் திருப்பினார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கார் இறங்கத் தொடங்கியது.

டீ என் வேட்டியில் கொட்டியிருந்தது. நான் எழுந்து நின்றிருக்கிறேன் என்பதே அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"இன்னா சார், எறும்பு கிறும்பு கட்ச்சிச்சா?" என்றார் மெக்கானிக்.

"இல்லப்பா, அடியில யாராவது..."

"யாரும் இல்ல சார். நீ குந்து."

யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் குனிந்து பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். மருமகன் கண்ணியமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாருக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார். அது உண்மைதான். ஆனால் ஜாக்கி இறங்குவதைப் பார்த்து எழுந்து நிற்கும் வியாதி எனக்கு இருபத்து மூன்று வயதிலேயே வந்துவிட்டது.

அப்போது யுத்த காலம். மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட் இருந்தது. பட்டணத்தில் அன்று பஸ் என்றாலே தனியார்தான். பெட்ரோல் கிடைக்காததால் ஒவ்வொரு பஸ்ஸின் முதுகிலும் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டினார்கள். மந்தைவெளியில் ஏறி மூக்கைப் பொத்திக்கொண்டால் தியாகராய நகரில் இறங்கும்போது சட்டை இரண்டு வருஷம் பழையதாகியிருக்கும். அந்த ஷெட்டில் நான் ஸ்டோர் கீப்பர். பி.ஏ. பாஸ், தர்க்க சாஸ்திரம் படித்தவன். நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நட்டு எத்தனை வந்தது, எத்தனை போனது, யார் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நிர்வாகம் என்பது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன். பிற்பாடு முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தபோதும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அந்தக் காலத்துப் பயத்தை இப்போது சொன்னால் கதை மாதிரி இருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஒரு கோடையில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. நாங்கள் போகவில்லை. ஜப்பான்காரனுக்கு மயிலாப்பூர் விலாசம் தெரியாது என்பது அப்பாவின் கட்சி. போனவர்கள் திரும்பி வந்த பிறகும் சங்கு ஊதினால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோம். காக்கை கூட்டமாகப் பறந்தாலும் அண்ணாந்து பார்ப்போம். எல்லோருக்கும் வானத்தின் மேல்தான் பயம். ஷெட்டில் மனிதர்களின் மார்புக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நாலு டன் இரும்பு நின்றுகொண்டிருந்ததே, அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதைத் தாங்கி நின்றது எங்கள் முதலை. அமெரிக்கச் சரக்கு. நாலு இரும்புச் சக்கரத்தின் மேல் நீளமாக, தட்டையாக, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதனால் ஷெட்டில் அதற்கு அந்தப் பெயர். ஆள் உயரப் பிடியை மேலும் கீழும் அடித்தால் உள்ளே எண்ணெய் அழுந்தி, முதலையின் தாடை மெதுவாக மேலே போகும். பிடியின் நுனியைத் திருப்பினால் எண்ணெய் திரும்பி வழிந்து தாடை இறங்கும். எண்ணெய் கசியாமல் இருக்க உள்ளே ஒரு தோல் வாஷர். இவ்வளவுதான் சூட்சுமம். இதை நான் தெரிந்துகொண்டது தனகோட்டி சொல்லி.

தனகோட்டி எங்கள் மெக்கானிக்குகளில் கெட்டிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அன்று அவரை மனசுக்குள் 'அவன்' என்றுதான் நினைத்தேன்; இப்போது எழுதும்போது பேனா தானாக 'அவர்' என்கிறது. அடையாற்றங்கரையில் குடிசை. பஸ்ஸுக்கு அடியில் படுத்தால் வாய் ஓயாது. துருப்பிடித்த நட்டுகளோடு பேசுவார். "இன்னா மச்சான், வர மாட்டியா? அக்காவ குட்த்தப்ப இனிச்சிச்சு இல்ல?" என்று ஸ்பேனரைப் போட்டு நெம்புவார். மச்சான் வந்துவிடுவான்.

ஜாக்கி மட்டும் போதாது, தூக்கிய வண்டிக்கு இரண்டு பக்கமும் கட்டையை முட்டுக் கொடுத்த பிறகுதான் அடியில் நுழைய வேண்டும் என்பது பாலபாடம். எங்களிடம் பன்னிரண்டு முட்டுக்கட்டைகள் இருந்தன. பழைய ரயில் பாதைக் கட்டையை ஒரே அளவாக அறுத்தவை. நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் எண்ணிப் பார்த்தபோது ஏழு. விறகுக்குக் கடும் பஞ்சம். அடுப்பில்லாத வீடு ஏது? யார் எடுத்தார்கள் என்று விசாரித்தேன். எல்லோரும் கர்த்தர் சாட்சியாகவும் முண்டகக்கண்ணி அம்மன் சாட்சியாகவும் மறுத்தார்கள். எனவே மூன்று பிரதிகளில் ஓர் உத்தரவு டைப் அடித்தேன். முட்டுக்கட்டைகள் இனி ஸ்டோரில் பூட்டப்படும். வேண்டியவர் சீட்டு எழுதி, ஃபோர்மேன் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சீட்டில்லாமல் ஒரு கட்டையும் வெளியே போகக் கூடாது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்ததும் சீட்டு கிழிக்கப்படும்.

அதற்கப்புறம் ஒரு கட்டைகூடத் தொலையவில்லை. மானேஜர் என்னைத் தட்டிக்கொடுத்தார். ஃபோர்மேன் சவரிமுத்து மட்டும் உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டு, "தம்பி, நான் பாதி நேரம் டெப்போ ரவுண்ட்ல இருப்பேனே, கையெழுத்துக்கு எங்க தேடுவாங்க?" என்றார். சாந்தோம்காரர். அதிர்ந்து பேசாத மனிதர். "காத்திருக்கட்டும் சார்" என்றேன்.

யாரும் காத்திருக்கவில்லை. 'அஞ்சு நிமிச வேலை' என்று சொல்லிக்கொண்டு முதலையை மட்டும் நம்பி உள்ளே நுழைய ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிஷம் அரை மணியாகும், ஒரு மணியாகும். ஸ்டோரின் கம்பி வலை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டு, 'விதி மீறல்' என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தேன். நல்ல கையெழுத்து எனக்கு.

மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் தனகோட்டி சீட்டோடு வந்தார்: முதலைக்கு எண்ணெய் குறைகிறது, அரை பாட்டில் வேண்டும். வழக்கமாக விளக்கெண்ணெய் கொடுப்போம். அது தீர்ந்து பத்து நாளாகிவிட்டது. ஆனால் இல்லை என்று சொல்லி அனுப்புவது ஸ்டோர் கீப்பருக்கு அழகல்ல. ஒரு பொருள் இல்லையென்றால் அதற்குச் சமமானதைக் கொடுத்து, ஏட்டில் 'பதிலாக' என்று எழுதலாம் என்று விதி இருந்தது. கடைசல் இயந்திரத்தின் தோல் பட்டைகளுக்குத் தடவ ஒரு டின் தேங்காயெண்ணெய் இருந்தது. யோசித்தேன். ஜாக்கிக்குள் இருப்பது தோல் வாஷர். தோலுக்கு உகந்தது தேங்காயெண்ணெய். ஆகவே ஜாக்கிக்கு உகந்தது தேங்காயெண்ணெய். கல்லூரியில் இப்படி எழுதினால் முழு மார்க் கிடைக்கும்.

"இது இன்னா சார், தலைக்கு வெக்கிறதாச்சே" என்றார் தனகோட்டி, பாட்டிலை முகர்ந்து.

"பரவாயில்லை. அதுவும் எண்ணெய்தானே."

"நீ படிச்சவன். நீ சொன்னா செரி."

அன்று மத்தியானம் ஊற்றினார். அன்று சாயங்காலம் வரை முதலை ஒழுங்காக வேலை செய்தது.

மறுநாள் காலையில் வீட்டில் குளித்துவிட்டு வந்து தலைக்குத் தேங்காயெண்ணெய் தேடினேன். "உறைஞ்சு கட்டியாப் போயிடுத்துடா, முத்தத்துல வெயில்ல வெச்சிருக்கேன், எடுத்துண்டு வா" என்றாள் அம்மா. பாட்டிலின் அடியில் இன்னும் வெள்ளையாகக் கட்டி, மேலே தண்ணீர் மாதிரி எண்ணெய். வருஷா வருஷம் மார்கழியில் பார்க்கிற காட்சி. எண்ணெய் தடவிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, ஷெட்டுக்குப் போனேன். தர்க்க சாஸ்திரம் படித்த மண்டைக்குள் ஒன்றும் உறைக்கவில்லை.

ஷெட்டில் தனகோட்டி முதலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பஸ்ஸின் பின்பக்க வில்பட்டை உடைந்திருந்தது. அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தின் மேல் வேறு வண்டி நின்றதால் இதை நடுத் தரையில் தூக்க வேண்டியிருந்தது. "இன்னாமோ இன்னிக்கி மொதலைக்கு ஒடம்பு செரியில்ல, குளுர்ல வெறச்சிக்கீது" என்றபடி இரண்டு கையாலும் பிடியை அடித்தார். பிடி கட்டையாக இறங்கிற்று. ஆனால் பஸ் எழுந்தது. எழுந்து கல் மாதிரி நின்றது. பின்சக்கரம் இரண்டையும் கழற்றினார். முட்டுக்கட்டைக்குச் சீட்டு எழுதலாம் என்று பார்த்தால் சவரிமுத்து வரவில்லை. "பாறை கணக்கா நிக்குது, இதுக்கு இன்னாத்துக்கு முட்டு?" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். நான் நோட்டை எடுத்து 'விதி மீறல்' என்று எழுதினேன்.

ஷெட்டின் கூரையில் ஒரு தகடு பெயர்ந்து போயிருந்தது. அந்த ஓட்டை வழியாக விழும் வெயில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் கிடக்கும். காலை முழுவதும் மெல்ல நகரும். எங்களுக்கு அதுதான் கடிகாரம். கடைசல் இயந்திரத்தைத் தொட்டால் ஒன்பது, நடுத் தூணைத் தொட்டால் பத்து. பத்துக்கு மேல் நான் தலையைத் தூக்கியபோது வெயில் தூணைத் தாண்டி முதலையின் வால் மேல் ஏறியிருந்தது. பஸ்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகம் அது. எண்ணெய் இருக்கும் பாகம். இரும்பு பளபளத்தது.

முற்றத்தில் வைத்த பாட்டில் ஞாபகம் வந்தது.

சில சமயம் ஒரு விஷயம் மூளைக்குப் போகாமல் நேரே வயிற்றுக்குப் போகும். அடியில் தனகோட்டி மச்சானோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸின் அடிச்சட்டத்தைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு காரை விரிசல். சட்டத்தின் விளிம்பு அந்த விரிசலுக்கு மேலே இருந்தது. கண்ணை இமைத்துவிட்டுப் பார்த்தேன். விளிம்பு விரிசலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. எண்ணெய் திரும்பி வழிகிற துவாரத்தில் உறைந்த கட்டி சிக்கியதால்தான் காலையில் அதன் அடைப்பு சரியாக மூடாமலே மூடியதுபோல் நின்றிருக்கிறது. அது இளகி வழிகிறது என்று இப்போது அழகாக விளக்குகிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் விரிசல் மறைகிறது என்பதுதான்.

கத்தியிருக்க வேண்டும். கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். கட்டைகள் என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்தான் அடுக்கியிருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். தேதி போட்டேன். 'முட்டுக்கட்டை - 2' என்று எழுதினேன். ஃபோர்மேன் கையெழுத்துக்கு இடம் விட்டேன். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. பத்து விநாடி ஆகியிருக்கும். அந்தப் பத்து விநாடியும் கை நடுங்கவில்லை.

அடியில் பேச்சு நின்றது. ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கட்டையை அணைத்துக்கொண்டு ஓடினேன். பூட்டியிருந்த என் கதவை நானே திறக்க வேண்டியிருந்தது. மண்டியிட்டுக் கட்டையைச் சட்டத்துக்கு அடியில் தள்ளினேன். நுழையவில்லை. பஸ் அந்த உயரத்துக்குக் கீழே போய்விட்டது. எண்ணிக்கைக்கு வசதியாக எல்லாக் கட்டையும் ஒரே அளவு அல்லவா? சின்னதாக ஒன்றும் கிடையாது. உள்ளே பார்த்தேன். இருட்டில் தனகோட்டியின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. சட்டம் மார்பின் மேல் உட்கார்ந்திருந்ததால் கத்துவதற்கு உள்ளே காற்றில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. என்னையும், என் கையிலிருந்த கட்டையையும்.

"தம்பி, பிடிய அடி." சவரிமுத்து. எப்போது வந்தார் என்று தெரியாது. "அடி. நிறுத்தாத."

வாழ்நாளில் முதல் தரமாக ஜாக்கியின் பிடியைத் தொட்டேன். அடித்தேன். சட்டம் ஒரு விரற்கடை எழுந்தது. அடியில் கொர்ரென்று ஒரு மூச்சு உள்ளே போயிற்று. பிடியை மேலே கொண்டுபோவதற்குள் சட்டம் இறங்கிற்று; மூச்சு நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி ஒரு மூச்சு. நான் அடித்தால் அவர் மூச்சு விடலாம். நிறுத்தினால் இல்லை. எத்தனை தரம் அடித்தேன் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பழகிய நான் எண்ணவில்லை. சவரிமுத்து தரையில் உட்கார்ந்து தனகோட்டியின் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சாண், ஒவ்வொரு அடிக்கும் ஒரு சாண் என்று இழுத்தார். உதடு ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது. கடைசியில் தலை வெளியே வந்தது. நான் பிடியை விட்டேன். பஸ் பொத்தென்று உட்கார்ந்தது. முதலை ஒரு பெருமூச்சு விட்டது.

தனகோட்டி மல்லாந்து கிடந்து வெகு நேரம் காற்றையே குடித்தார். விலா எலும்பில் இரண்டு விரிசல் விட்டிருந்தன என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூச்சு சீரானதும், "யாரு ஜாக்கி அட்ச்சது?" என்று கேட்டார்.

"ஸ்டோர் சார்தான்" என்றார் சவரிமுத்து.

"அதான பாத்தேன். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஆபீஸ்காரன் அடி நைனா அது."

அதற்குள் ஓடி வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

விபத்து என்றால் அறிக்கை வேண்டும். அறிக்கை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'உட்புறத் தோல் வாஷரின் தேய்மானம் காரணமாக' என்று எழுதினேன். எண்ணெய் என்ற சொல்லே வராமல் ஒன்றரைப் பக்கம். ஏட்டில் 'பதிலாக' என்று எழுதிய வரி இருந்தது; யாரும் அதைப் புரட்டவில்லை. தனகோட்டியின் வாக்குமூலத்தையும் நானே இங்கிலீஷில் எழுதி, கட்டுப் போட்ட மார்போடு அவர் ஸ்டோருக்கு வந்து நின்றபோது தமிழில் படித்துக் காட்டினேன். ரேகை வைக்க மசியைத் தள்ளினேன். அவர் கட்டை விரலை மசியில் அழுத்திவிட்டு, காகிதத்துக்கு மேலே நிறுத்தினார்.

"வாஷரு போன மாசம்தான மாத்திகினோம் சார்? நீதான குட்த்த."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பார்வை மேஜை மேல் கிடந்த நோட்டுக்குப் போயிற்று. 'விதி மீறல்' நோட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன எழுதுவேன் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். முட்டு வைக்காமல் நுழைந்தவர் வேலை போகலாம்.

"செரி, எங்க வெக்கணும்?" என்றார். இடத்தைக் காட்டினேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே ஷெட்டில் இருந்தோம். என்னைப் பார்த்தால் சிரிப்பார்; வணக்கம் சொல்வார். அவர் ஃபோர்மேனோடு தாழ்ந்த குரலில் பேசினால் எனக்கு வியர்க்கும். மானேஜர் அறைக்கு வெளியே நின்றால் சாப்பாடு இறங்காது. என் பயம் இப்படி. அவர் பயம் என்னவென்று நான் நினைத்துப் பார்க்கப் பல வருஷம் ஆயிற்று. மறு வாரமே முட்டுக்கட்டைகளை வெளியே, முதலைக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தேன். உத்தரவு எதுவும் டைப் அடிக்கவில்லை. ஒரு மாதத்தில் நாலு குறைந்தது. புதிதாக வாங்கினேன். அவையும் குறைந்தன. வாங்கினேன். எந்த வீட்டு அடுப்பில் எரிகிறது என்று கேட்கவில்லை.

சுதந்திரம் வந்த கையோடு பஸ்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஷெட் மூடப்பட்டது. நான் வேறு இலாகாவுக்குப் போனேன். முதலையை எடைக்குப் போட்டார்கள். இடித்துவிட்டு ஒரு குடோன், அதை இடித்துவிட்டு ஒரு கல்யாண மண்டபம், இப்போது அடுக்குமாடி. கரி வாயு பஸ் என்றால் பேரன்கள் நம்புவதில்லை. சவரிமுத்து சாந்தோம் கல்லறையில் இருக்கிறார். ஒரு தரம் போய்ப் பார்த்தேன். நான் எழுதிய அறிக்கை பத்து வருஷம் வைத்திருந்து எரிக்க வேண்டிய வகையைச் சேர்ந்தது, எரித்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற வருஷம் ஒரு நாள் காலை அடையாற்றங்கரைக்குப் போனேன், இப்போது கோட்டூர்புரம் என்கிறார்களே அந்தப் பக்கம். வாஷரில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லத்தான். போகிற வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டே போனேன். குடிசைகள் இருந்த இடத்தில் கொஞ்சம் குப்பைமேடு, கொஞ்சம் சுற்றுச்சுவர். சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "யாரு வோணும்?" என்றார்.

"தனகோட்டின்னு... மெக்கானிக். பழைய ஆள்."

"அந்தக் காலத்து ஆளுங்க யாரும் இங்க இல்லியேப்பா. எல்லாரையும் லாரில ஏத்திக்கினு போய் ஊருக்கு வெளிய உட்டுட்டாங்க. பேரு சொன்னா கேட்டுப் பாக்கறேன். நீ இன்னா வோணும் அவருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. கூட வேலை செஞ்சவன்."

"விலாசம் குடு, வந்தா சொல்றேன்."

சட்டைப்பையில் பேனா இருந்தது. காகிதமும் இருந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பாலத்தின் மேல் வரும்போதுதான் கவனித்தேன், நடை லேசாகியிருந்தது. அவர் அங்கே இல்லை என்று கேட்டதிலிருந்து எனக்குள் இருந்தது நிம்மதி.